செலக்‌ஷன்காரர் மாட்டிய ஆக்ஸில்

நடக்கும்போது காலிலிருந்து செருப்பு கழன்றால் யாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. ஒற்றைச் செருப்போடு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். பின்னால் வருகிற அக்கா, அவருடைய மனைவி, குனிந்து அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எட்டி நடைபோட்டு அவருக்கு முன்னால் போவார். "கொஞ்சம் நில்லுங்க, கால்ல இன்னாவோ ஒட்டியிருக்குது" என்று சொல்லி, துடைக்கிற மாதிரி துடைத்து, செருப்பை மாட்டிவிடுவார். முதல் தடவை பார்த்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கிற ஆம்பூரில் காலில் செருப்பு நிற்காத ஒரு மனுஷன். புருஷனை இந்த அம்மா எப்படித் தாங்குது பாருங்க என்று எங்க வீட்டுக்காரரிடம் சொல்லப்போய், "நீயும் கத்துக்கோ" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அம்மா எதற்குப் பயந்து அப்படிச் செய்தார் என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அப்போது நாங்கள் பைபாஸிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். அவர்தான் ஓனர். முன்பக்கம் அவர் வீடு, பின்பக்கம் நாங்கள், நடுவில் சிமெண்டுத் தரை, ஒரு வேப்பமரம், அவருடைய பழைய வெள்ளைக் கார். எனக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற மேல்தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் கோணலாக ஓடியிருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். இந்த வேலைக்குப் போனதிலிருந்து கோணல் எங்கே இருந்தாலும் என் கண்ணில் பட்டுத் தொலைக்கிறது. கல்யாணப் பந்தலில் உட்கார்ந்தாலும் எந்தக் கால் சாய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பார்த்தால் வாயும் சும்மா இருக்காது. இந்தக் கண்ணாலும் வாயாலும் நான் பட்ட பேஜார் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற இடத்தில், செலக்‌ஷன் பார்த்தவர். பதப்படுத்தி முடித்த தோல்கள் அட்டி அட்டியாக அவர் மேஜைக்கு வரும். விரித்துப்போட்டுக் கண்ணால் ஒரு தரம், கையால் ஒரு தரம் பார்த்து, ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், கழிசல் என்று பக்கத்துக்கு ஒன்றாக வீசுவார். கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும். தோல் உள்ளே கெட்டியாக இருக்கிறதா, தொளதொளத்துப் போயிருக்கிறதா என்பது கையில்தான் தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருட்டும்போது அவர் தோலைப் பார்க்கவே மாட்டார். முகத்தைத் தூக்கி மேலே எங்கேயோ பார்ப்பார். வேலை கைக்குப் போன பிறகு கண் குறுக்கே வரக்கூடாதாம். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. செலக்‌ஷன்காரர் என்பார்கள். அதுவும் நீளம் என்று நினைத்தவர்கள் வெறும் செலக்‌ஷன் என்பார்கள். எனக்கு அவர் அண்ணா.

அந்தக் கையை அவர் வைத்திருந்த பவிசைப் பார்க்க வேண்டும். மிளகாய், புளி, சுண்ணாம்பு எதிலும் விரலை வைக்க மாட்டார். தினமும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். டீ டம்ளரைத் துண்டு முனையில் சுற்றித்தான் பிடிப்பார். "சூடு பட்டா விரலு மழுங்கிடும்மா" என்பார். கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்து உள்ளே புழு என்றால் புழு இருக்கும். எப்படி அண்ணா என்று கேட்டால் ஒரே பதில்தான். "கை சொல்லுது."

நாங்கள் குடிவந்த புதிதில் என் பொண்ணு நிவிக்குக் காய்ச்சல். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் வந்து குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்து, வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றார். "நூறைத் தாண்டலம்மா. பயப்படாதே, கஞ்சி குடு, எறங்கிடும்" என்றார். மெடிக்கலில் வாங்கிவந்த தெர்மாமீட்டரும் அதையே சொன்னது. அப்பா இல்லாமல் வளர்ந்தவள் நான். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பாசம் இன்றைக்கும் போகவில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாவம்.

ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டேன் என்றார். "மெஷின் வந்துடுச்சிமா. அதுவே தொட்டுப் பாத்து நம்பரு போடுதாம். நம்ம கையி எதுக்கு" என்று சிரித்தார். நான் நம்பினேன். வீட்டில் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. குழாய், மோட்டார், கதவுக் கீல் என்று ஒன்று விடாமல் கழற்றி மாட்டினார். நிவியை மாதனூர்ப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விட ஆரம்பித்ததும் அப்போதுதான். தெருமுனையில் இன்னும் ரெண்டு பிள்ளைகள் ஏறிக்கொள்ளும். வேன் பின்னால் ஓடுகிற தொல்லை விட்டது என்று நாங்கள் தாய்மார்கள் எல்லாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டோம்.

மழைக்காலத்தில் நிவிக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை நான் பதறவில்லை. நேராக அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அதே மாதிரி புறங்கையை வைத்தார், அதே மாதிரி மரத்தைப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லியே. ஜில்லுன்னு இருக்கா" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. குழந்தையை வாங்கித் தோளில் போட்டபோது அவள் கன்னம் என் கழுத்தில் பட்டது. நெருப்பு. அக்கா உள்ளேயிருந்து ஈரத்துணியோடு வந்து, நிவியை மடியில் போட்டுத் துடைக்க ஆரம்பித்தார். அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அதே வாரத்தில் அவர் வாசலில் நின்று டீ குடிப்பதைப் பார்த்தேன். டம்ளரிலிருந்து ஆவி பறக்கிறது. துண்டு தோளில் கிடக்கிறது. வெறுங்கையால் டம்ளரை வளைத்துப் பிடித்துக்கொண்டு யாரிடமோ போனில் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அமிர்தி. பள்ளிக்கூடம் லீவு விட்ட சமயம் அவர் காரிலேயே எல்லாரும் போனோம். அருவியில் தண்ணீர் கம்மி, வெயில் ஜாஸ்தி. குளித்துவிட்டுச் செருப்பில்லாமல் பாறையில் கால் வைத்தவர்கள் எல்லாம் அய்யோ அம்மா என்று குதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடினோம். அவர் மட்டும் பாறை நடுவில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நிவி கைதட்டி, "பெரியப்பா சூப்பர்" என்றாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அக்கா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். உட்கார வைத்து உள்ளங்காலைத் திருப்பியபோது நான் பார்த்தேன். தோல் வெந்து வெள்ளையாகக் கிளம்பியிருந்தது. "இது எப்போ ஆச்சி?" என்று அவர் அக்காவைக் கேட்டார்.

திரும்பி வரும்போதுதான் காரில் அந்தச் சத்தம். வண்டி நேராகப் போனால் ஒன்றுமில்லை. வளைவில் திரும்பினால் இடது முன்சக்கரத்துப் பக்கம் டக் டக் டக் என்று தட்டியது. "ஆக்ஸிலு போயிடுச்சி" என்றார் அவர். என்ஜின் சுற்றுகிற சுற்றை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு அது. அதன் முனையை மூடியிருக்கிற ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் வெளியே வந்து, மண் உள்ளே போய் அரைத்திருக்கிறது. அவர் விவரமாகத்தான் சொன்னார். விவரம் தெரியாத ஆள் இல்லை அவர்.

புது ஆக்ஸிலை எடுத்து வந்தவர் பைபாஸில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் பாய். அண்ணனுக்கு ரொம்ப நாள் தோஸ்த். "அண்ணே, ஷெட்டுக்குக் கொண்டாங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றார் பாய். இவர் கேட்கவில்லை. போகும்போது பாய் ஒரு நீள ஸ்பேனரை எடுத்து நீட்டினார். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு ஆனதும் டிக் என்று சத்தம் கொடுக்குமாம். "கடைசி நட்டுக்கு மட்டும் இத்த வச்சிக்கோங்க. கம்மியா இறுக்குனாலும் தப்பு, ஜாஸ்தியா இறுக்குனாலும் தப்பு." அவர் சிரித்துக்கொண்டே அதைப் பாய் கையிலேயே திருப்பி வைத்தார். "எனக்கு இன்னாத்துக்கு பாய்? என் கையே டிக்குன்னு சொல்லும்." பாய் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பமாயிற்று. எங்க வீட்டுக்காரர் ஓவர்டைம் என்று கம்பெனிக்குப் போய்விட்டார். பிரேக்கை மிதித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணன் கூப்பிட, நான் போய்க் கார் சீட்டில் உட்கார்ந்தேன். சக்கரத்தின் நடுவில் இருக்கிற பெரிய நட்டில் பைப் சொருகின ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று அமுக்கினார். கிறீச் என்று நட்டு இளகியது. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே மரக்கட்டை அடுக்கி, சக்கரத்தைக் கழற்றினார். அடியில் இருந்த போல்ட்டுகளை எடுத்து, சக்கரம் மாட்டுகிற அந்தப் பெரிய வட்டத்தை வெளிப்பக்கம் இழுத்து, கடப்பாரை முனையால் நெம்பினார். பழைய ஆக்ஸில் வந்துவிட்டது. கியர் பாக்ஸ் ஆயில் கொஞ்சம் ஒழுகித் தரையில் ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, நேர்த்தியான வேலை. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றின வரிசையிலேயே பழைய பேப்பரில் அடுக்கியிருந்தார். புது ஆக்ஸில் உள்ளே போய் டக் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. பாதி வேலை முடிந்துவிட்டது என்று நான் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினேன். அப்போதுதான் அவர் விரலைப் பார்த்தேன். நடுவிரல் முட்டியில் தோல் பிய்ந்து ரத்தம் ஆயிலோடு கலந்து மணிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது.

"அண்ணா, கையில ரத்தம்."

"எங்க?" என்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பித் தேடினார். கண்ணில் பட்டதும், "கிரீஸுன்னு நெனைச்சேன்" என்று துண்டில் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக அந்தப் பெரிய நட்டு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கையால் சுற்றி ஏற்ற வேண்டும். மரை சரியாகக் கவ்வுகிறதா என்று அப்போதுதான் தெரியும். ஷூ கம்பெனியில் மெஷின் ஊசி மாட்டுகிற எங்களுக்கே தெரிந்த விஷயம் இது. அவர் நட்டை முனையில் வைத்தார். முகத்தைத் தூக்கி வேப்பமரத்தைப் பார்த்தார். விரல்கள் சுற்றின. நான் நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"அண்ணா, கோணலா ஏறுது."

"இல்லம்மா. புடிச்சிடுச்சி."

"மேல் பக்கம் சந்து தெரியுது பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "கை சொல்லுது" என்றார்.

ஸ்பேனரை மாட்டித் திருகினார். நட்டு முரண்டு பிடித்தது. அந்த முரண்டை அவர் இறுக்கம் என்று எடுத்துக்கொண்டார். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, என்னை மறுபடியும் பிரேக்கில் உட்கார வைத்து, பைப்பின்மேல் உடம்பையே போட்டு அழுத்தினார். இரும்பு இரும்பை அரைக்கிற சத்தம் என் பல்லில் கூசியது. பிறகு உளி வைத்து நட்டின் உதட்டைத் தட்டி மடக்கினார், கழலக்கூடாது என்று. நான் இறங்கி வந்து சக்கரத்தின் நடு ஓட்டையில் எட்டிப் பார்த்தேன். சந்து அப்படியே இருந்தது. என் விரல் நகம் உள்ளே போயிற்று.

"அண்ணா, தப்பா நினைச்சிக்காதீங்க. பாயை ஒரு தடவ வரச்சொல்லிப் பாத்துடலாம். நாளைக்குக் குழந்தைங்க ஏறணும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அதுவரைக்கும் என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன். "நீ தோலைக் கண்ணால பாக்குறவ. நான் கையால பாத்தவன். எத்தினி லட்சம் தோலு இந்தக் கையில போச்சின்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்க வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். "அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? ஓனர்கிட்ட போய் வாயைக் காட்டிட்டு வந்திருக்கியே" என்று எனக்குத்தான் விழுந்தது. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அந்தக் காரில் போகிறது யார், இவரா? நேராக அக்காவிடம் போனேன். அவர் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் கடைக்குப் போயிருந்தார்.

"அக்கா, அண்ணனுக்குக் கையில உணர்ச்சி இல்ல. உங்களுக்குத் தெரியும்."

அக்கா கீரையைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்லவில்லை. ஆறு மாசத்துக்கு முன்னால் சுகருக்காக டாக்டரிடம் கூட்டிப்போன கதையைச் சொன்னார். கண்ணை மூடச்சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றால் டாக்டர் விரல் நுனிகளையும் பாதத்தையும் தொட்டாராம். தொடும்போது சொல்லுங்கள் என்றாராம். "இவரு தெரியுது, தெரியுதுன்னு சொல்லிட்டே இருந்தாரும்மா. டாக்டரு தொடவே இல்ல. நூலைக் கையில வச்சிக்கிட்டு என்னையே பாத்தாரு. இவரு கண்ணை மூடிக்கிட்டு தெரியுது, இப்போ தெரியுதுங்குறாரு."

அக்கா கீரையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார்.

"வேலையை இவரு விடல. மொதலாளி கும்பிட்டு அனுப்பிட்டாரு. கழிசலை எல்லாம் ஒண்ணாம் நம்பர்ல போட்டிருக்காரு. உங்க கம்பெனிக்குக்கூட போச்சாம்."

வந்தது. எங்கள் மேஜைக்கே வந்தது. மடித்தால் காகிதம் மாதிரி சுருங்கிய அந்தத் தோலை எந்தக் கண்ணவிஞ்சவன் பாஸ் பண்ணினான் என்று நான் லைன் முழுக்கக் கேட்கக் கத்தியிருந்தேன். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது.

"அவருகிட்ட சொல்லிடுங்க அக்கா. நாளைக்குக் குழந்தைங்க போகணும்."

"இன்னான்னு சொல்லச் சொல்றே? உன் கை செத்துப்போச்சின்னா? என்னைத் தொடும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சிம்மா. எங்க தொடுறோம்னு தெரியாம தொடுறாரு. நான் ஒண்ணும் கேட்டுக்கல. அவரும் சொல்லல." அக்காவின் குரல் ஒரே சீராக இருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் காரைத் துடைத்து, கதவைத் திறந்துவைத்து, ஹாரன் அடித்தார். எங்க வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயாகிவிட்டது. நான் பையை மாட்டிக்கொண்டு ஓடப்போன நிவியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கு முன்னாலேயே தெருமுனைப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் போன் பண்ணி, இன்றைக்குப் பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள், கார் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

"நிவி வர மாட்டா அண்ணா."

அவர் என்னையே பார்த்தார். "என்னை நம்பலியாம்மா?"

"உங்களை நம்புறேன். அந்த நட்டை நம்பல. பாய் வந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் நானே ஏறி வர்றேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் சாவியைத் திருகினார். "பைபாஸ் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து காட்டுறேன். அப்புறம் பேசு" என்றார்.

அப்போது அக்கா வெளியே வந்தார். தலை வாரி, விசேஷத்துக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தார். அந்தக் காரில் காலை நேரத்தில் அவர் ஏறி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா, நீ எங்க கெளம்பிட்டே?" என்று அவர் கேட்டார்.

"சும்மா. காத்தாட வர்றேன்."

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "எறங்குங்க அக்கா" என்றேன்.

"நீ உன் பொண்ணைப் பாத்துக்கோ. நான் இவரைப் பாத்துக்குறேன்" என்று அக்கா என் விரல்களை மெதுவாக ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார். கார் கேட்டைத் தாண்டித் திரும்பியது. டக் டக் சத்தம் இல்லை. புது ஆக்ஸில் இல்லையா, அமைதியாகத்தான் போயிற்று. நான் நிவியைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். போனை எடுத்துப் பாய்க்கு அடித்தேன். வண்டியைப் பார்த்தால் எப்படியாவது நிறுத்துங்கள் என்றேன்.

பாய் பார்ப்பதற்குள் நடந்துவிட்டது. பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதுமே சீட் அதிர ஆரம்பித்ததாம். அக்கா ஸ்டீயரிங்கைப் பார்த்திருக்கிறார். அது நடுங்குகிறது. அதைப் பிடித்திருந்த அவர் கை நடுங்குகிறது, முழங்கை நடுங்குகிறது, சட்டைத் தோள் வரைக்கும் உதறுகிறது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "பாத்தியா, வெண்ணெ மாதிரி போகுது" என்றாராம். வண்டியை நிறுத்துங்க என்று அக்கா சொல்ல, "எதுக்கு? கையில ஒண்ணும் தெரியலியே" என்றாராம்.

அக்கா ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மொத்த பலத்தோடு இழுத்தார். அதே நேரம் இடது சக்கரம் சாய்ந்து கழன்று போயிற்று. கார் மூக்கால் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே போய், யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேல் மோதி நின்றது. அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. முன்னால் ஊன்றின அக்காவின் இடது கை மணிக்கட்டில் முறிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா மணலில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பின்சீட் கதவு திறந்து கிடந்தது. நிவியும் அந்த ரெண்டு பிள்ளைகளும் உட்காருகிற சீட். நானும் அக்கா பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் வந்து ஆக்ஸில் முனையைத் தடவிப் பார்த்தார். மரையெல்லாம் வழித்துவிட்ட மாதிரி போயிருந்தது. அவர் வெள்ளை மனசுக்காரர், எதையும் யோசிக்காமல் கேட்டுவிட்டார். "ஆரம்பத்துலயே நட்டு கோணலா ஏறியிருக்குது அண்ணே. கையால சுத்துறப்பவே தெரிஞ்சிருக்குமே?"

அண்ணன் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷமே எங்க வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்து, நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்தோம். கிளம்புகிறதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம். அக்காவுக்குக் கையில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அண்ணன்தான் டீ போட்டுக்கொண்டிருந்தார். டம்ளரோடு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். துண்டு இல்லை, வெறுங்கை.

"இத்தக் கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லும்மா. குடிக்கிற சூடா? அன்னிக்கி அப்படியே குடுத்துட்டேன், அவளுக்கு நாக்கு வெந்துடுச்சி."

விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். "கொதிக்குது அண்ணா. கீழ வையுங்க."

அவர் வைக்கவில்லை. டம்ளரைச் சுற்றியிருந்த விரல்கள் சிவந்திருந்தன. "இரும்மா. கொஞ்ச நேரம் புடிச்சிப் பாக்குறேன். சில நேரம் வருது" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வேப்பமரத்தைப் பார்த்தார். தோல் உருட்டும்போது பார்க்கிற அதே பார்வை.

எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, மெதுவாக டம்ளரை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டேன். அவர் விரல்கள் டம்ளரைப் பிடித்த மாதிரியே வளைந்து நின்றன.

மரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"தெரியுதும்மா. இப்போ லேசா தெரியுது."